அண்டை வீட்டுக்குப் போகாத தட்டுகள்

நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். அச்சத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி ஊகித்து எழுதுவது முறையன்று.

அமெரிக்க நகரமான பிளானோவில் என் மகளுடன் படிக்கும் சிறுமியின் தாய் அவர். சென்னைக்காரர், கணவர் யூதர். யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கு என்னை அழைத்திருந்தார். துருவிய உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரித்தெடுக்கும் லட்கேயைத் தன் மகளோடு சேர்ந்து செய்துகொண்டிருந்தார். நெடிய உருவம், நெற்றியில் மாவுத் தடம். ஒவ்வோர் ஈட்டிலும் முதல் லட்கேயைப் பிட்டு, ஊதி, மகளின் வாயில் இட்ட பிறகே அடுத்ததைத் தொட்டார்.

"ஆப்பிள் சாஸா, தக்காளித் தொக்கா? எங்க வீட்டுல ரெண்டு கட்சி!" என்று என்னிடம் ஒரு தட்டை நீட்டிச் சிரித்தார்.

ஆண்டுதோறும் அண்டை வீடுகளுக்கு லட்கே கொண்டுசெல்லும் தட்டுகளைச் சிறுமி எடுத்து வந்தாள்.

"இந்த வருஷம் வேண்டாம்டி செல்லம். நாமளே சாப்பிடலாம்."

"பிகாஸ் வீ ஆர் ஜூயிஷ்?" நாம் யூதர்கள் என்பதாலா என்று கேட்டாள் சிறுமி.

அவர் அடுப்பை அணைத்தார். "ஆறிடும், சாப்பிடு."

"பட் யூ கேவ் ஆன்ட்டி!" என்று என் கையிலிருந்த தட்டைக் காட்டினாள்.

"ஆன்ட்டி நம்ம ஆளுடி" என்றார், என்னைப் பாராமல்.

சிறுமி தட்டுகளை ஓசைபடாமல் அலமாரியில் திரும்ப வைத்தாள்.

அண்டை வீட்டார் எவரேனும் ஏதேனும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. 'நம்ம ஆளு' என்பதை அவர் என்னை நம்பிச் சொன்னாரா, நம்ப விரும்பிச் சொன்னாரா என்பதும் தெரியாது.