பதினோரு நிமிடமும் ஒரு கரண்டி கருமணலும்

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தோம். பிளஸ் ஒன் படிக்கும் மகள் நித்யா அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளைக் காகித மடிப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இதுல ஒண்ணும் இல்ல. தூரக் களையட்டா?" என்று கேட்டாள். கேட்கும்போதே மடிப்பு அவிழ்ந்து அவள் பாதத்தில் கருமணல் கொட்டியது. நான் போட்ட சத்தத்தில் வெள்ளையடிக்க வந்தவர் என்னமோ ஏதோ என்று ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

மொத்தமே ஒரு கரண்டி மணல்தான். மணவாளக்குறிச்சிக்காரனுக்குக் கருமணல் மேல் இப்படி ஒரு ஆசையா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், என் மனைவி சுதாவும் சிரித்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடற்கரை முழுக்க அதுதான். காலில் ஒட்டும், துணியில் ஒட்டும், சில நாள் சோற்றிலும் கடிபடும். ஆனால் தரையில் உட்கார்ந்து நான் வழித்து எடுத்த அந்த மணல் ஜெர்மனி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காந்தம் ஒரு விளையாட்டுச் சாமான். ரேடியோ ரிப்பேர் கடையில் கெஞ்சினால் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தம் ஒன்று கிடைக்கும். அதை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணலில் உருட்டினால் கறுப்புப் பொடி மயிர் மாதிரி நட்டமாக எழுந்து ஒட்டிக்கொள்ளும், கம்பளிப்பூச்சி போல. கவருக்குள்ளிருந்து காந்தத்தை உருவினால் பொடி அத்தனையும் பொலபொலவென்று உதிரும். இந்த வித்தையை நான் நித்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியாது.

கொட்டிய மணலை வழித்துவிட்டுக் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனேன். டீசல் வாசம் வருமென்று ஒரு நப்பாசை. வந்தது, அடுத்த தட்டில் சுதா வைத்திருந்த காய்ந்த பிச்சிப்பூ வாசம். பிச்சி மணத்தால் பிறருக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்கு வாழைத்தோப்பு ஞாபகம் வரும். அதற்கும் காரணம் உண்டு.

என் முதல் வேலை தோவாளைச் சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பூ வண்டி ஓட்டுவது. ஓணம் நெருங்கினால் வண்டிக்கு ஓய்வே கிடையாது. இறக்கிய கையோடு திரும்பி வந்து மறுபடி ஏற்றவேண்டும். மூன்று நாள் தூங்காமல் ஓட்டினேன் என்று சாயாக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன்தான் நான். நாலாவது நாள் தக்கலை தாண்டி, நல்ல வெயில் அடிக்கும் காலை வேளையில், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது வண்டி வாழைத்தோப்புக்குள் நின்றது. என் மடியில் பிச்சிப்பூ, நெற்றியில் ரத்தம். பின்னால் இன்னொரு வண்டியில் வந்த முதலாளி ஓடி வந்தார். ஜன்னல் வழியாகத் தலையை விட்டு அவர் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"ஏலே, பூவுக்கு ஒண்ணும் ஆவல்லியே?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பூ அப்படிப்பட்ட சரக்கு, மத்தியானத்துக்குள் போய்ச் சேராவிட்டால் குப்பை. நானுமே முதலில் திரும்பிப் பார்த்தது பூக்கூடைகளைத்தான்.

பிறகு வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டினேன். அங்கிருந்து லிதுவேனியாவில் ஒரு லாரிக் கம்பெனிக்குப் போனேன். ஐரோப்பா முழுக்கச் சரக்கு கொண்டுபோகிற வேலை. நித்யா அப்போது ஏழாம் வகுப்பு. புறப்படுகிற அன்று அவளே கடற்கரைக்குப் போய், என் பழைய காந்தத்தை மணலில் உருட்டி, இன்னொரு கவருக்குள் போட்டு முடிந்து என் பெட்டியில் வைத்தாள். "அப்பா, இது நம்ம கடப்புறம். களஞ்சிராதீங்க" என்றாள். நான் அதை லாரியில் தலைக்கு மேலே இருக்கும் சின்னச் சாமான் அறையில் வைத்துக்கொண்டேன்.

அந்த அறைக்குப் பக்கத்தில்தான் டேக்கோகிராஃப் இருக்கும். பழைய கார் ரேடியோ அளவில் ஒரு பெட்டி. டிரைவர் தன் அட்டையைச் சொருகியதும் அது கணக்கெடுக்கத் தொடங்கும். எப்போது ஓட்டினான், எப்போது வேறு வேலை செய்தான், எப்போது ஓய்வெடுத்தான் என்று நிமிட சுத்தமாக எழுதும். ஓட்டுவதற்கு ஸ்டியரிங் படம், வேலைக்குச் சுத்தியல் படம், ஓய்வுக்குக் கட்டில் படம். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. வார ஓய்வு நாற்பத்தைந்து மணி நேரம், அதையும் லாரிக்குள் படுத்துக் கழிக்கக்கூடாது.

முதல் மாதம் எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே எரிச்சல். இத்தனை வருடம் வண்டி ஓட்டியவனை ஒரு டப்பா வந்து போய்ப் படு என்று சொல்வதா? நேரம் நெருங்கினால் மணியடித்து எச்சரிக்கும். நானும் பதிலுக்குத் தமிழில் ஏசுவேன். பிறகு ஒருநாள் போலந்தில் ஏதோ ஒரு நிறுத்தத்தில், கட்டில் படத்தை அமுக்கிவிட்டுப் பட்டப்பகலில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். வெளியே மழை. திடீரென்று பூ முதலாளியின் குரல் ஞாபகம் வந்தது. என் வாழ்க்கையில் சரக்கைப் பற்றிக் கேட்காமல் என்னைப் பற்றிக் கேட்கிற முதல் சட்டம் இதுதானே என்று தோன்றியது. அன்றோடு ஏசுவதை நிறுத்தினேன்.

கம்பெனியில் மார்த்தாண்டத்துக்காரன் ஒருவன் இருந்தான், தாசன். என் வயதுதான். வார ஓய்வுக்குக் கம்பெனி ஏற்பாடு செய்த அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து சமைப்போம். ஆசியக் கடையில் உறைய வைத்த மரச்சீனிக்கிழங்கு கிடைக்கும். தாசன் அதை வேகவைத்து வாயில் போட்டுவிட்டு, "இதுக்கு நம்ம ஊரு கெழங்க போட்டோவுல பாத்தாப் போரும்" என்பான். சொல்லிவிட்டுப் பாதிக்கு மேல் அவனே தின்பான்.

ஒரு நாள் ஜெர்மனியில் நாலரை மணி நேரம் முடியப்போகிறது. முதல் நிறுத்தத்தில் இடமில்லை, லாரிகள் வாசல் வரைக்கும் நின்றன. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் வண்டியை நுழைத்தபோது பதினோரு நிமிடம் கூடிவிட்டது. இப்படி ஆனால் பெட்டியிலிருந்து அன்றைய அச்சுச் சீட்டை எடுத்து, பின்பக்கம் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கவேண்டும் என்று, வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி நடத்திய வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். இரண்டு இடத்தில் நிறுத்தம் நிறைந்துவிட்டது, பதினோரு நிமிடம் கூடிவிட்டது, மன்னிக்கவும். எழுதியும் மனது ஆறவில்லை. கீழே எனக்கு நானே தமிழில் ஒரு வரி எழுதிக்கொண்டேன்.

அந்த வார ஓய்வில் சீட்டைப் பார்த்த தாசன் விழுந்து விழுந்து சிரித்தான். "பதினோரு நிமிசத்துக்காக்கும் இந்த எழுத்து எழுதி வச்சிருக்கது? உனக்க மண்டைக்கு என்ன மக்கா ஆச்சு?"

இரண்டு வாரம் கழித்து, அதே நாட்டில் ஒரு மத்தியானம், சாலையோரச் சோதனைக்கு என்னை ஒதுக்கினார்கள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண் அதிகாரி ஏறி வந்தார். அட்டையை வாங்கினார், மரியாதையாகப் பேசினார். உதிரி அச்சுக் காகிதச் சுருள் இருக்கிறதா என்று கேட்டார். ஓ, இருக்கிறதே என்று பெருமையாக மேல் அறையைத் திறந்தேன். சுருளை உருவியபோது அதோடு சேர்ந்து நித்யாவின் முடிச்சும் வெளியே விழுந்தது. கீழேயும் விழவில்லை. கதவுச் சட்டத்து இரும்பில் டப்பென்று ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் முகம் மாறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கியர் பெட்டியில் இருக்கும் சென்சாரில் காந்தத்தை வைத்தால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டேக்கோ ஓய்வு என்று எழுதும். ஐரோப்பாவில் தூங்காமல் ஓட்டுகிறவர்கள் செய்கிற மோசடி அது. வகுப்பில் காந்தத்தின் படத்தையே பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். நானும் தலையாட்டினேன். என் தலைக்கு மேலே இருப்பதும் காந்தம்தான் என்று ஒரு நொடி தோன்றியதா? இல்லை. அது காந்தமில்லையே, கடற்கரை அல்லவா!

மோசடி என்று எழுதினால் என் அட்டை போகும், வேலை போகும், வேலையோடு லிதுவேனியாவில் இருக்கிற அனுமதியும் போகும். செய்யாத திருட்டைச் சுமந்துகொண்டு ஊரில் போய் இறங்கவேண்டும். லாரியைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். நான் வாசலில் நின்று சுதாவுக்கு போன் செய்தேன்.

"காந்தத்தயா பிடிச்சாவ? வேற ஒண்ணும் இல்லியா?"

"வேற என்ன வேணும்? வேல போற காரியமாக்கும் இது."

அவள் எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "பிள்ளைகிட்ட இதச் சொல்லாண்டாம், கேட்டியளா? அவ அழுவா" என்றாள்.

பட்டறையில் சென்சாரின் முத்திரை சரியாக இருந்தது. ஆனால் காந்தம் வைத்தால் முத்திரையில் தடம் விழாதே. அதிகாரி கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து என் கடைசி இருபத்தெட்டு நாள் ஓட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது. நாலு மணி நேரம் நாற்பத்தொரு நிமிடம். இது என்ன என்றார். நான் சீட்டை எடுத்து நீட்டினேன்.

முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். தமிழ் வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். "அது எனக்கு நானே எழுதியது. இனிமேல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தணும் என்று" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காந்தம் வைத்து மணிக்கணக்கைத் திருடுகிறவன் பதினோரு நிமிடத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதமாட்டான் என்று மெல்லச் சொன்னார். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் காந்தம் லாரியில் இருக்கக்கூடாது, இன்னொரு அதிகாரி பார்த்தால் இதே கதை மறுபடி தொடங்கும் என்றார். எடுத்துக்கொள்ளுங்கள், மணலை மட்டும் தாருங்கள் என்றேன். மணலா என்று விழித்தார். சுருளிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து மேசையில் விரித்து, எங்கள் ஊர் வித்தையைக் காட்டினேன். கவருக்குள்ளிருந்து காந்தத்தை உருவியதும் கறுப்பு மயிரெல்லாம் படுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். அந்த மணலிலேயே மறுபடி உருட்டி இன்னொரு தரம் செய்தேன். பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

அட்டையைத் திருப்பித் தரும்போது, நேற்று நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டார். டேக்கோவில் பதினோரு மணி நேரம் கட்டில் இருக்கிறதே என்றேன். நீ ஓய்வில் இருந்தாய் என்று அதற்குத் தெரியும், தூங்கினாயா என்று நான் கேட்கிறேன் என்றார். "தூங்கினேன் அம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கோயிலில் மட்டும் என்றில்லை, ஸ்டியரிங்கில் உட்காரும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன்.

மூன்று வருடம் முடிந்து திரும்பும்போது, கம்பெனி ஒரு வருடம் வைத்திருக்கவேண்டிய கெடு முடிந்துபோன அந்தச் சீட்டை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். மணலை அதில் மடித்து வைத்தேன். இப்போது சொந்த வேன், கன்னியாகுமரிக்கு வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுகிற வேலை. வேனில் டேக்கோ கிடையாது. ஆனாலும் நாலரை மணி நேரமானால் நிறுத்திவிடுவேன். ஏன் டிரைவர் நின்னுட்டீங்க என்று பின்னாலிருந்து குரல் வரும். பெட்டிய அங்கேயே விட்டுட்டு வந்தியன்னு பாத்தா, பெட்டியாவே மாறி வந்திருக்கிய என்பாள் சுதா.

தாசன் இன்னும் அங்கேதான் ஓட்டுகிறான். முன்பெல்லாம் எல்லை தாண்டினால் முதல் நிறுத்தத்தில் நின்று அந்த நாட்டின் குறி எழுத்தைப் பெட்டியில் அமுக்கவேண்டும். அந்தச் சாக்கில் இறங்கி, பிளாஸ்கில் இருக்கும் கட்டன் சாயாவைக் குடித்து, பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருப்போம். "இப்ப ஒண்ணும் அமுக்காண்டாம் மக்கா. புது மிசினு அதுவாட்டு கண்டுபிடிச்சு எழுதிக்கிடும். சாயாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று போன மாதம் போனில் வருத்தப்பட்டான்.

வெள்ளையடித்து முடிந்த அன்று நித்யாவுக்கு முழுக் கதையையும் சொன்னேன். அவளுடைய காந்தத்தால் வந்த வினை என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. கேட்டுவிட்டுச் சீட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சூட்டில் பதிகிற அச்சு அது, ஊர் வெக்கையில் மெல்ல வெளுத்துவிட்டது. அன்று நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எங்கே நின்றேன், எவ்வளவு நேரம் படுத்தேன் என்று பெட்டி எழுதியதில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. பின்பக்கம் என் பேனா மை மட்டும் அப்படியே இருந்தது. "இனிமேல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தணும்" என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். மணலை மறுபடி அதிலேயே மடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை வேன் சாவியைத் தேடினேன். ஆணியில் இல்லை. நித்யா கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"அப்பா, ராத்திரி தூங்குனியளா?"