கூரைக்கும் சுவருக்கும் நடுவில்

எனக்கு எழுபத்தொரு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனது, ஆறும் இன்றைக்குச் சுகமாக இருக்கின்றன என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் வரும்.

ஈரச் சாக்கின் வாடை மூக்கில் பட்டால் இப்போதும் நான் எழும்பிப் போய்க் கதவைத் திறந்துவிடுவேன். மடுல்சீமைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் மார்கழி மழை பிடித்துக்கொண்டால் மலையும் தெரியாது, எதிர் லயத்து வீட்டு வரிசையும் தெரியாது. குளிர் உள்ளே வராதிருக்கச் சாக்கை மடித்துக் கதவடியில் திணித்து வைப்போம். லயத்தில் ஒரு குடும்பத்தின் ஒற்றை அறையான "காம்பரா"வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பி நின்றுவிடும், அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இருட்டு. அந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டுக் கருவாட்டு வாசம் வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை வரும், இருமல் வரும். அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே அடுத்த காம்பராவோடு கதை பேசுவாள்.

அங்கே ராக்காயி அத்தை இருந்தாள். சொந்தம் இல்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது, புருஷன் வேலைக்கென்று பதுளைக்குப் போயிருந்தான். பிள்ளைக்குக் குளிருமே என்று, "கவ்வாத்து" வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் எரித்துக் கனலாக்கி, பழைய சட்டியில் அள்ளி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். யாரும் தடுக்கவில்லை. "பொகைஞ்சாத்தான் கண்ணக் கரிக்கும், கனலு ஒண்ணும் செய்யாது" என்பதுதான் லயத்தில் பெரியவர்கள் எல்லாருடைய பேச்சும், எங்கள் அம்மாவும் அதையே சொல்வாள்.

விடிந்து, வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுத் தப்பு கேட்டது. எழும்பப் பார்த்தேன், தலை வெடிக்கிற மாதிரி வலி, கால் என் கால் மாதிரி இல்லை. அம்மா தவழ்ந்து போய்க் கதவை இழுத்து, இஸ்தோப்பில் வாந்தி எடுத்தாள். அப்பா என்னை வெளியே இழுத்துப் போட்டார். மழை முகத்தில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. அம்மா திரும்பி வாசலில் நின்றபடி, "ஏ ராக்கு, பெரட்டுக்கு நேரமாச்சு, புள்ளைய எடுத்துக்கிட்டு வெளிய வா" என்று சுவருக்கு மேலாகக் கூப்பிட்டாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

கங்காணி வந்து கதவை உடைத்தார். அத்தை பிள்ளையை அணைத்தபடி படுத்திருந்தாள். இரண்டு பேர் கன்னமும் நல்ல சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்து, தூங்குகிறார்கள் என்றே நான் நினைத்தேன்.

முனி அடித்துவிட்டதென்று லயமே சொன்னது. தோட்டத்து டாக்டர் ஐயா மட்டும் கனல் சட்டியைக் காட்டி, இதிலிருந்து வரும் விஷக்காற்றுக்கு வாசமும் கிடையாது நிறமும் கிடையாது என்றார். "பொகையே இல்லையேங்க" என்று கங்காணி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்றோடு எனக்கு முனிமேல் இருந்த பயம் போய்விட்டது, சுவருக்கு மேலே அந்தக் காற்றை எங்கள் பக்கம் விட்ட இடைவெளிமேல் வந்தது.

இப்போது நான் லுணுகலைப் பக்கம் ஒரு லயத்தில் மகன் செல்வத்தோடும் பேத்தி கௌசியோடும் இருக்கிறேன். போன மழையில் மண் சரிந்து போஸ்ட்டுகள் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் போய், பிரிட்ஜில் வைத்திருந்த என் சர்க்கரை ஊசி மருந்து கெட்டுப்போனது. செல்வம் பயந்துபோய்ப் பதுளைக்கு இறங்கி ஒரு ஜெனரேட்டர் வாங்கி வந்தான். ஆகச் சின்னதை எடுக்கவில்லை. பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது கரண்ட்டை அதிகமாக இழுக்குமாம், அதைத் தாங்குகிற அளவு பார்த்து எடுத்திருந்தான். அதுவரைக்கும் கெட்டிக்காரன்தான். மழைக்கும் கள்ளனுக்கும் பயந்து அதைக் குசினிக்குள், அடுப்படியில் வைத்துவிட்டுச் சொன்னான்:

"புது மாடலும்மா. பொகையே வராதாம்."

நான் போய் அந்த மிஷின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரிம்மா, வாரண்டி போயிரும்."

"போகட்டும். இது வெளிய போனாத்தான் நான் எந்திரிப்பேன்."

"ஒனக்காகத்தானே வாங்கினேன்? ஜன்னலத் தொறந்து வச்சிக்குவோம். கொஞ்ச நேரந்தான் ஓடும். இந்தா பாரு, வயருகூட செஞ்சிட்டேன், ரெண்டு பக்கமும் பிளக்கு. ஒண்ண மிஷின்ல, மத்தத செவுத்து பிளக்குல குத்தினா வீடு முழுக்கக் கரண்டு."

அடுத்த காம்பராவில் கைப்பிள்ளையோடு இருக்கும் மாலா இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். எங்கள் லயத்திலும் சுவர் கூரைவரை கிடையாது. மேலாலே அவள் குரல் வந்தது.

"அண்ணே, செவுத்து பிளக்குலயா குத்தப் போறீங்க? எங்க வீட்டுக்காரரு இப்ப மேட்டுல போஸ்ட்டு மேல நிக்கிறாருண்ணே. நம்ம வயரும் அந்தப் போஸ்ட்டுலருந்துதான் வருது."

மாலாவின் புருஷன் ரவி கரண்ட் கம்பி வேலைக்காரன். செல்வம் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான். அதன் பிறகுதான் நான் ராக்காயி அத்தையின் கதையைச் சொன்னேன். என் பிள்ளைகள் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை. அவன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

மாலையில் ரவி சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசலில் நின்றான். "என்ன மச்சான், என்னயக் கொல்ல நாள் குறிச்சிருந்தா முன்னாடியே சொல்லக்கூடாதா, லீவு போட்டிருப்பேன்ல" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் அந்த வயரை எடுத்து நடுவில் வெட்டிப் போட்டான். செவுத்துப் பிளக்கில் குத்தினால் கரண்ட் வீட்டோடு நிற்காது, போஸ்ட்டுக்கு ஏறி, கம்பி செத்திருக்கிறதென்று நம்பித் தொடுகிறவனை அடிக்கும் என்றான். "படிச்ச வயர்மேன வச்சு மாத்து சுவிட்ச் போடு. மெயினு ஒரு பக்கம், மிஷினு ஒரு பக்கம், ரெண்டும் ஒண்ணாச் சேரவே கூடாது. அதுவரைக்கும் பிரிட்ஜ மட்டும் தடிச்ச வயர்ல நேரா மிஷின்லயே குடு."

இப்போது மாத்து சுவிட்ச் போட்டாகிவிட்டது. மிஷின் லயத்துக்கும் கீழே, கதவு ஜன்னல் எதுவும் கிட்ட இல்லாத கொய்யா மரத்தடியில் சங்கிலியோடு நிற்கிறது, தலைக்கு மேலே ஒரு தகரம், நாலு பக்கமும் திறப்பு. சூடு ஆறாமல் பெட்ரோல் ஊற்ற நான் விடுவதில்லை. அவ்வளவு தூரத்தில் நின்றாலும், அது ஓடும்போதெல்லாம் மாலாவின் பிள்ளை அழுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பேன். அது அழுதால்தான் எனக்கு மூச்சு வரும்.

பெரட்டுத் தப்பு இன்றைக்கு இல்லை, கனல் சட்டி இல்லை. நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் காடு ஏறிவிட்டது. ராக்காயி அத்தையின் முகம் தெரிந்த ஆளாக நான் ஒருத்திதான் மிச்சம். ஆனால் சுவருக்கு மேலே அதே இருட்டு இருக்கிறது. நேற்று மாலா அதன் வழியாகக் கேட்டாள்: "பெரியம்மா, நாங்களும் ஒரு ஜெனரேட்டர் வாங்கப் போறோம். இஸ்தோப்புல வச்சா ஆகாதா? அது பாதி வெளியதானே." அவள் புருஷனுக்குக் கரண்ட் தெரியும், காற்று தெரியாது.

கௌசி, பாட்டிக்கிட்ட வாம்மா. இத மொதல்லருந்து வாசி. எழுத்துப் பிழை இருந்தா அப்புறம் பாத்துக்கலாம். இங்க ஒக்காந்து எனக்கு வாசிக்க வேணாம். அந்தச் செவுத்துப் பக்கம் போயி நின்னு, சத்தமா வாசி.