வாலோடு பிறந்த குட்டிகள்

எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அந்த டெரியர் நாய்க்கு வால் கிடையாது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போன ஓர் அதிகாரி, கப்பலில் கொண்டுபோவது தொல்லை என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். இந்தத் தீவில் அதிகாரிகள் விட்டுவிட்டுப் போகும் சாமான்களில் நாயும் ஒன்று. அந்த ஜாதியே அப்படித்தான் பிறக்கும் என்று நினைத்தோம். நானும்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பெரார்கஞ்ச் பக்கம் ரோடு காண்ட்ராக்ட் எடுப்பவர். அவர் வேலைக்குக் கையெழுத்துப் போடும் எஞ்சினியர் வீட்டிலும் இதே ஜாதியில், இதே மொட்டை வாலோடு ஓர் ஆண் நாய் இருந்தது. விடுவாரா இவர்? எங்கள் நாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மூன்று நாள் அங்கே விட்டுக் கூட்டி வந்தார். குட்டி போட்டால், முதலில் பொறுக்கிக்கொள்வது ஆண் நாய்க்காரர். அதுதான் வழக்கம்.

மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றுக்கும் நீள வால்.

இவர் முகம் செத்துப்போயிற்று. “சனியன், தெருநாயோட போயிருக்கு பாரு. ஓடுகாலி!” என்று அதைக் காலால் எத்தினார். பெற்றுப்போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை.

“கட்டிப்போட்டதும் நீங்க, அவுத்துக் கூட்டிட்டுப் போனதும் நீங்க. அது எங்கங்க போச்சு?” என்று கேட்டேன்.

“அதான் வாலே சொல்லுதே!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொட்டை நாயின் நடத்தையைக்கூட விடாத வீடு இது. ஆனாலும் உள்ளுக்குள் எனக்கும் ஒரு சந்தேகம். அதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

குட்டிகளுக்கு ஒன்றரை மாதம் ஆனது. லீவில் ஊருக்குப் போன எஞ்சினியர், திரும்பியதும் குட்டியைப் பார்க்க வருவதாகப் போன் செய்தார். இவர் குட்டிகளின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருநாய்க் குட்டியைக் காட்டி ஏமாற்றுகிறான் என்று எஞ்சினியர் சாப் நினைத்துவிட்டால்? மறுநாளே சௌல்தாரியிலிருந்து, ஆட்டுக் கிடாய்க்குக் காயடிக்கிற ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் கையில் ஒரு பிளேடு, நைலான் நூல், கொஞ்சம் டெட்டால்.

“நாய் வாலு நான் வெட்டுனதில்லண்ணே,” என்றார் அவர்.

“ஆடு என்ன, நாய் என்ன? பெரிய நாயப் பாத்து அளவு வெச்சுக்கய்யா,” என்றார் இவர். பிறகு என்னிடம், “நீ பிடி. உன் கையிலதான் சும்மா இருக்கும்.”

உண்மைதான், என் கையில்தான் சும்மா இருந்தது. நானே வளர்த்துக்கொள்ளலாம் என்று ஆசை வைத்திருந்த குட்டியைத்தான் முதலில் பிடித்தேன். அது என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. பிளேடு பட்டதும் அது போட்ட சத்தத்தில், கட்டியிருந்த தாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குதித்தது. நான் கையை விடவில்லை. விட்டிருக்கலாம். மற்ற இரண்டையும்கூட நான்தான் பிடித்துக்கொடுத்தேன்.

அந்த இரண்டுக்கும் ரத்தம் நின்றுவிட்டது. முதல் குட்டிக்கு நிற்கவே இல்லை. மஞ்சள் வைத்தேன், துணி கட்டினேன். விடிந்ததும் முந்தானையில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். கால்நடை ஆஸ்பத்திரியில் மேசைமேல் வைத்தபோது அது சில்லிட்டிருந்தது.

அங்கிருந்த டாக்டரம்மா தமிழ்க்காரி. வெட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

“வாலோட பொறந்துருச்சு. கலப்புன்னு...”

“இந்த ஜாதில எல்லாமே வாலோடதாம்மா பொறக்கும். பொறந்து ரெண்டு மூணு நாள்ல அழகுக்குன்னு வெட்டிடுறாங்க. அதுவே பாவம். உங்க நாயும் வாலோட பொறந்ததுதான்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, “சரி, ஆனது ஆயிடுச்சு. சாப்கிட்ட எதையும் உளறி வெக்காத,” என்றார். ஓடுகாலி என்று திட்டு வாங்கிய நாயிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காயமெல்லாம் ஆறிய பிறகு எஞ்சினியர் வந்தார். மொட்டை வால் குட்டிகள் இரண்டையும் மாறிமாறித் தூக்கிப் பார்த்தார். “அஸ்லி சீஸ் ஹை!” அசல் ஜாதியாம். வாய் கொள்ளாத சிரிப்பு. இவருக்கும் அதே சிரிப்பு. மூன்று என்றாயே, இன்னொன்று எங்கே என்று ஹிந்தியில் கேட்டார்.

“கம்ஜோர் தா சாப். மர் கயா,” என்றார் இவர்.

பலவீனமான குட்டியாம், அதனால் செத்துப்போயிற்றாம். மற்ற இரண்டையும் முட்டித் தள்ளிவிட்டு முதல் ஆளாகப் பால் குடிக்கும் குட்டி அது. எஞ்சினியர் உச்சுக்கொட்டியபடி, அப்படியா என்று கேட்பதுபோல் என் பக்கம் திரும்பினார்.

“ஜி, சாப்,” என்றேன்.