கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம்

கொழிஞ்சாம்பாறை கோழிப்பண்ணையில் அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. பண்ணையைச் சுற்றி அடர்ந்திருந்த மரங்களைப் பண்ணைக்காரர் எனக்குக் காட்டினார். "காத்துல வர்ற நெடியை இலை இழுத்துக்குதுங்க. மரம் வெச்சப்புறம் ஊட்டுல இருமல் கொறஞ்சுதுங்க."

ஐம்பதுகளில், என் சின்ன வயதில், எங்கள் வீட்டு ஜன்னலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி இருந்தது. கொட்டகையைப் பார்த்த இலைகள் மட்டும் கருகருவென்று தழைத்திருக்கும். இளைப்பு நோய் இருந்த என் தங்கை அந்த ஜன்னலடியில்தான் படுப்பாள். சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டும்.

மழை பொய்த்த வருஷம், ஆட்டுத் தீனிக்காக அப்பா வேலியை வெட்டத் தொடங்கினார்.

"ஏனுங்க, புள்ளைக்கு அந்த நாத்தம் ஆகாதுங்க," என்றாள் அம்மா.

"வேலி நாத்தத்தைத் திங்குமாக்கும்? ஆடு திங்கட்டும், உடு."

ஓர் இலை மிஞ்சவில்லை. அதன்பின் எங்கள் போர்வையில்கூட கோமிய நெடி இருந்தது. தங்கையின் மூச்சிரைப்பு வாசல்வரை கேட்டது. அடுத்த மழைக்கு முன்பே அவள் இறந்துபோனாள். நெடியாலா, வறட்சித் தூசியாலா, யாரும் சொல்லவில்லை. மழையில் வேலி மறுபடி தழைத்தது. அப்பா ஆடுகளை அதன் பக்கம் அண்டவிடவில்லை.

பண்ணைக்காரர் இன்னும் மரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் படுக்கும் அறை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.