தொட்டால் போதும் என்றாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, காட்டுக்குள் இருக்கும் ஓராங் அஸ்லி பூர்வகுடிகளின் கம்பத்தில், அதாவது அவர்களின் கிராமத்தில், இரண்டு நாள் தங்கினேன். அவர்களின் வாழ்க்கையைப் பார்க்கும் ஆசை எனக்கு. லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் தனக்குப் பழக்கமான வீட்டில் சேர்த்துவிட்டார். ஆசை இருந்ததே தவிர நம்பிக்கை இல்லை. சாப்பாட்டில் மருந்து வைத்துவிடுவார்கள் என்று ஈப்போவில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டுக்காரப் பெண் எதைத் தந்தாலும் வயிற்றுவலி என்று தள்ளிவிட்டு, மறைவாகப் போய் என் பிஸ்கட்டைத் தின்றேன்.

கிளம்பிய காலையில் அவள் நீட்டிய மரவள்ளிக்கிழங்கையும் மறுத்துவிட்டு, என்னை அழைத்துப்போக வந்த லாரி அண்ணனோடு நடந்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே வருகிறாள். பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன். ஆற்றுப் பாலத்தில் வந்து பிடித்துவிட்டாள். மூச்சிரைக்க, அதே கிழங்கை நீட்டித் தன் மொழியில் ஏதோ கெஞ்சினாள்.

"விரலாலயாச்சும் தொட்டுட்டு வா லா, தம்பி. அது போதுமாம்," என்றார் அண்ணன். "குடுத்ததைத் தொடாமப் போனா வழியில ஒனக்குப் பாம்பு கீம்பு கடிச்சிரும்னு பயப்படுது. அதான் இவ்ளோ தூரம் ஓடியாந்திருக்கு."

அப்போதும் நான் தின்னவில்லை, தொட்டேன். அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

பையில் பிஸ்கட் பாதி மிச்சமிருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட அதை அவளிடம் நான் நீட்டியதில்லை.