சுவரில் இல்லாத கோடு

தொண்ணூறு லட்சம் என்று அந்த மனுஷன் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கோபம் அதற்குப் பிறகு வந்தது. வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது அந்த வீடு. அரை கிரவுண்டு மனை, ஒரு ஹால், இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. நானும் என் கணவரும் மகளும் ஒன்பது வருடம் அதில் வாடகைக்கு இருந்தோம். ஓனர் விற்கப்போவதாகச் சொன்ன வருடம்தான் எங்களுக்கும் சொந்த வீடு வாங்கும் தெம்பு வந்திருந்தது. பேங்கில் கிடைக்கும் கடனையும் என் நகையையும் சேர்த்தால் அறுபது லட்சம் தேறும். வேறு வீடு பார்க்க எனக்கு மனசே இல்லை. அந்த வீட்டில் எந்த ஜன்னல் மழைக்கு உப்பும், எந்தக் குழாய் எத்தனை மணிக்குச் சொட்டும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன், முடியாது என்றால் ஆவணிக்குள் காலி பண்ணிக்கொடுங்கள் என்றார் ஓனர்.

அவர் அந்தப் பக்கத்து ஆள்தான். அடுத்த தெருவில் மகன் வீட்டு மாடியில் இருந்தார். அவருடைய அப்பா அங்கே வயலில் கூலி வேலை பார்த்தவர். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் லேத் ஓட்டி, அந்தக் காசில் மனை வாங்கிக் கட்டியது அந்த வீடு. அதற்கு உண்டான மரியாதையை நான் கொடுக்காமல் இல்லை. அவர் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் காபி கொடுப்பேன். என் காபியைக் குடித்துக்கொண்டே அவர் விலைக்குக் காரணம் அடுக்கினார்.

வடக்குப் பார்த்த வாசல் என்றார். போர் தண்ணீர் இனிக்கும் என்றார். குத்தம்பாக்கத்தில் புது பஸ் ஸ்டாண்டு வருகிறது, இனிமேல் இந்தப் பக்கம் எல்லாமே தங்கம் என்றார். குத்தம்பாக்கம் எங்கே, அண்ணனூர் எங்கே? அங்கே பஸ் வந்து நின்றால் இங்கே செங்கல்லுக்கு விலை ஏறுமா? கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம். அதையாவது பொறுத்துக்கொண்டேன். வாசல் கிரில்லையும் சமையலறை டைல்ஸையும் மாடித் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. மூன்றும் நாங்கள் எங்கள் கைக்காசில் போட்டது. நாங்கள் போட்டதை எங்களுக்கே விற்கிறார்.

என் கணவருக்குப் பேரம் பேச வராது. கத்தரிக்காய்க்காரரிடம்கூட சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பையை விரிப்பவர். "பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் வாயைத் திறந்தேன். அண்ணே, இந்த வீட்டுக்குள் மழைக்குத் தண்ணீர் வருகிறது, ஹாலில் முழங்கால் அளவு நிற்கிறது, அறுபதுக்குக் கொடுத்தால் வாங்கி, பிற்பாடு கையில் காசு சேர்ந்ததும் அடியில் ஜாக்கி வைத்து வீட்டையே நாலடி உயரத்துக்குத் தூக்கிக்கொள்கிறோம் என்றேன்.

அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. தண்ணீர் வந்த முதல் வருடமே போன் போட்டுச் சொன்னேன். மெட்ராஸ் பூராவும் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இப்போது புதிதாகக் கேள்விப்படுகிறவர் போல எழுந்து, ஹால் சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார்.

"எங்கம்மா கீது? தண்ணி நின்னா செவுத்துல கோடு உழுந்திருக்கும்ல. ஒரு கோடு காட்டு, பத்து லட்சம் கொறச்சிக்கிறேன்."

காட்ட முடியவில்லை. சுவர் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று இருந்தது. அதற்குக் காரணம் நான்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். பொங்கல் கழித்துச் சொந்தக்காரர்கள் மெட்ராஸ் பார்க்க வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். தண்ணீர் புகுகிற வீட்டில் குடியிருக்கிறாள் என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் வருடா வருடம் மழை ஓய்ந்து சுவர் காய்ந்ததும், போகிக்கு முன்னால், ஆளைக் கூப்பிட்டுக் கறையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பட்டி பார்த்து, புதுப் பெயிண்ட் அடித்துவிடுவேன். வாடகை வீட்டுக்கு எதற்குடி இவ்வளவு செலவு என்று என் கணவர் கேட்பார். உங்களுக்கு மானம் இல்லை, எனக்கு இருக்கிறது என்பேன். ஒரு தடவை ஹாலில் தண்ணீர் நிற்பதை அவர் போட்டோ எடுத்தார். அதையும் நான்தான் சண்டை போட்டு அழிக்கவைத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு கோட்டு பெயிண்ட்டாக நான் அதைச் செய்திருந்தேன்.

ஆத்திரத்தில் சமையலறைக்குப் போய்த் தோசைக் கரண்டியை எடுத்துவந்து, அவர் கண் முன்னாலேயே சுவரைச் சுரண்டினேன். மஞ்சளுக்குக் கீழே பச்சை வந்தது, பச்சைக்குக் கீழே ரோஸ் வந்தது, அதற்குக் கீழே வெள்ளைப் பட்டி வந்தது. கோடு மட்டும் வரவில்லை. என் பெயிண்டர் நல்ல வேலைக்காரர்.

"இன்னாம்மா, ஊட்டப் போய் சொரண்டினுகீறே?" என்றார் ஓனர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவர் ஜெயித்துவிட்டார், அது அவருக்கே தெரிந்திருந்தது.

சரி, சாட்சிக்கு ஆள் இருக்கிறதே என்று எதிர்வீட்டு அம்மாவிடம் போனேன். தண்ணீர் வரும்போதெல்லாம் நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுத்தது அவர்கள் வீட்டு மாடியில்தான். அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்குள்ளும் எங்கள் வீட்டில் நின்ற அதே தண்ணீர்தான் நின்றது. விஷயத்தைச் சொல்லி, ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா என்றேன். அந்த அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. நம் தெருவில் தண்ணீரே நிற்காதே என்றார். ஒரு வீட்டுக்கு விலை இறங்கினால் தெருவுக்கே இறங்கும், அவர்களுக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய மகள் இருந்தாள். இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்த அரிவாள்மனையைப் பிடுங்கி எறியலாம் என்றிருந்தது.

நாங்கள் அறுபத்து மூன்று வரை ஏறினோம். அவர் எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் சமைத்துக்கொண்டிருக்கும்போதே அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், மெத்தையை நகர்த்தித் தரையைத் தட்டுவார்கள். ஆளாளுக்கு விலையைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. இவர் கடைசியில் நம்மிடம்தான் வந்தாக வேண்டும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்தத் தம்பி வந்தான். கரூர்ப் பக்கம், ஐ.டி. வேலை, கூடவே மனைவியும் இடுப்பில் ஒரு குழந்தையும். மற்றவர்கள் மாதிரி அலமாரியைத் திறக்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்து, அக்கா, மழைக்குத் தண்ணி நிக்குமா என்று கேட்டான். அத்தனை பேரில் அவன் ஒருவன்தான் என்னிடம் கேட்டான்.

நிற்கும் என்றேன். முதலில் பாத்ரூம் வழியாக வரும், பிறகு வாசல் வழியாக வரும், ஹாலில் முழங்கால் அளவு நிற்கும், வடிய மூன்று நாள் ஆகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பெண் பயந்து போய்க் குழந்தையை மேலே தூக்கிக்கொண்டாள். ஓனர் வாசல்படியில் நின்று சிரித்தார்.

"வாடகைக்கு கீறவங்க அப்டித்தான் சார் சொல்வாங்க. காலி பண்ண மன்சு வருமா? இந்தம்மாவே இந்த ஊட்டத்தான் கேட்டுகினு கீது."

தம்பி சுவரைப் பார்த்தான். நான் சுரண்டிய இடத்தில் காலண்டர் மாட்டியிருந்தேன், மிச்சச் சுவர் பளபளவென்று இருந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

"நெசமாவாக்கா? தண்ணி வர்ற வீட்ட நீங்க ஏங்க்கா கேக்கறீங்க?"

பதில் இருந்தது. தண்ணீர் வந்தாலும் எனக்கு அந்த வீடு பிடிக்கும், அதுதான் பதில். வீடு வாங்க வந்தவனிடம் அதை எப்படிச் சொல்வது? அடுப்பைப் பார்க்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன். உண்மையைச் சொல்லிப் பொய்க்காரி ஆனது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அந்தக் கோபம் ஓனர் மேலா, அந்தத் தம்பி மேலா, என் மேலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எண்பத்து நாலுக்கு முடிந்தது. ஆடி கழியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் பத்திரம் பதிந்தார்கள். நாங்கள் பட்டாபிராமில் ஓர் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடிக்கு வாடகைக்குப் போனோம். பழைய முகவரிக்கு ஏதாவது தபால் வந்தால் சொல்லுங்கள் என்று சாவி கொடுக்கும்போது அந்தத் தம்பியிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது. புது நம்பர்தான், ஆனால் எடுப்பதற்கு முன்பே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாக இருந்தது. இரண்டு மாதமாக மனசுக்குள் ஒரு பேச்சு தயாராக வைத்திருந்தேன். உன் கண்ணைப் பார்த்துத்தானே சொன்னேன் என்று ஆரம்பிக்கிற பேச்சு அது.

"அக்கா, பாத்ரூம் வழியா வந்துட்டு இருக்கு. ஹால்ல எவ்ளோ ஒசரம் வரும்?"

பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. தயாராக வைத்திருந்த பேச்சு வரவில்லை. கோணிப்பையில் மண்ணைக் கட்டிப் பாத்ரூம் ஓட்டையை அடைக்கச் சொன்னேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றச் சொன்னேன். சுவிட்ச் போர்டுக்கு மூன்று சாண் கீழே வந்து நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது, பயப்படாதே என்றேன். மனைவியையும் குழந்தையையும் எதிர்வீட்டு மாடிக்கு அனுப்பு, அந்த அம்மா சேர்த்துக்கொள்வார் என்றேன். அவன் ஒவ்வொன்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றான். கடைசியில் வேறு ஏதாவது செய்யணுமா அக்கா என்று கேட்டான்.

"வடிஞ்சப்புறம் பெயிண்ட் மட்டும் அடிச்சிடாத தம்பி" என்றேன்.