நூல்கண்டுக்கு ஒரு வளையம்

என் கணவர் வயரிங் வேலை செய்பவர். போன வருடம் மழை தொடங்குவதற்கு முன், ஆரியங்கோட்டில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சன்ஷேடிலிருந்து விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு நொறுங்கியது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் முழுதாக மடங்கவில்லை. பயிற்சி கொடுத்த பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, தினமும் அமுக்கச் சொன்னாள். இரண்டு நாள் அமுக்கினார். பிறகு பந்து அலமாரிக்கு மேலே போய்விட்டது.

நான் கேரள எல்லையோரக் குளத்தூரில், எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். அந்தச் சமயம் சர்ச் பாடகர் குழுவுக்குப் பதினாலு பிளவுஸ் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம், அறையைக் கூட்டுவதற்காக அவர் என் நூல் கூடையைத் தூக்கி நகர்த்தப் பார்த்தார். வலது கை பிடி விட்டது. முப்பது நாற்பது நூல்கண்டுகள் தரையெங்கும் உருண்டன. ஒவ்வொன்றும் உருண்ட வழியில் அவிழ்ந்தது. ஏதோ ஒரு நூல் மெஷினின் பெல்ட்டில் சுற்றி இழுக்க, தைத்துக்கொண்டிருந்த துணி கோணி, ஊசி முறிந்தது. பிளவுஸின் கழுத்தில் ஒரு கிழிசல்.

"அந்தக் கையும் வச்சுக்கிட்டு என்னத்துக்கு இதை எடுக்கப் போனீங்க? ஒரு இடத்துல சும்மா இருக்கப்படாதா?" என்றேன்.

அவர் குனிந்து, இடது கையால் நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். பிறகு பின்பக்கம் போய்விட்டார். நான் கழுத்தைப் பிரித்து வேறு துண்டு வைத்துத் தைத்தேன். வாயிலிருந்து போன சொல்லைப் பிரித்துத் தைக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பின்பக்கத்தில் ஆக்சா பிளேடு அறுக்கிற சத்தம். போய்ப் பார்த்தேன். மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் வயரிங் பைப்பை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, விரலகலத்துக்கு வளையம் வளையமாக அறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பக்கம் ஒரு கீறல். கீறலை விரித்து நூல்கண்டின் மேல் மாட்டினால், வளையம் நூலைக் கவ்விக்கொள்ளும், நுனி அவிழாது. அவ்வளவுதான் அது.

முதலில் செய்தவை உதவவில்லை. விளிம்பின் பிசிறில் நூல் மாட்டியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அடுத்தவை இறுக்கமாக இருந்தன. கொதித்த தண்ணீரில் போட்டால் பைப் இளகும் என்று அவருக்குத் தெரியும். நான் கரண்டியால் எடுத்துக் கொடுக்க, அவர் ஒரு துணியால் பிடித்துக் கண்டின் மேல் வைத்து அமுக்கி, ஆறும்வரை விடாமல் பிடித்தார். வலது கையால்தான் பிடித்தார். பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் சேர்ந்து வளைந்ததை நான் பார்த்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாலைந்து நாள் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் அடுப்படியில் நின்றபடி கேட்டேன். "அண்ணைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது. அந்தக் கோவத்துல வாசியாட்டு செய்யுறீங்களோ?"

அவர் கையிலிருந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "நீ சொன்னதுல எனக்கு சங்கடம் உண்டு," என்றார். "ஆனா இது அதுக்கில்ல. நூலு அவுழப்படாது. அதுக்காக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் செய்கிறதெல்லாம் எனக்குச் சொல்கிற பதில் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் சரியாக வேலை செய்யாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த குணம். அவர் விழுந்த பிறகு அதை நான் மறந்துபோயிருந்தேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் ஜாக்கெட் வாங்க வந்தபோது ஒரு வளையத்தை எடுத்துப் பார்த்தார். "இது எந்தக் கடையில கிட்டும்?"

"கடையில கிட்டாது, சேச்சி. இவங்க செஞ்சதாக்கும்."

டீச்சர் பத்து வாங்கிப் போனார், காசில்லாமல் சும்மாதான். பிறகு அந்தப் பக்கம் தைக்கிற இரண்டு பெண்கள் வந்து கேட்டார்கள். என் கணவர் ஒவ்வொருவரிடமும் கண்டைக் கொண்டுவரச் சொல்லி, அளவு பார்த்துத்தான் கொடுத்தார்.

கை முழுதாகத் திரும்பவில்லை. கடைசி இரண்டு விரல்கள் இன்றும் நீட்டியபடியே நிற்கின்றன. உயரத்தில் ஏறுகிற வேலைக்கு அவர் போவதில்லை. சுவிட்ச் மாற்றுவது, மோட்டார் கனெக்ஷன் பார்ப்பது என்று பக்கத்து வீடுகளுக்குப் போய் வருகிறார். பழைய வருமானம் இல்லை. அது அவருக்கு வருத்தம்தான்.

விழுந்ததிலிருந்து இடது கையில் ஸ்பூன் வைத்துத்தான் சாப்பிட்டு வந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு வலது கையால் சோற்றைப் பிசைந்தார். பாதி வாய்க்குப் போவதற்குள் சிந்தியது. நான் பாராததுபோல் இன்னும் கொஞ்சம் மீன்கறி ஊற்றினேன்.

"போதும்," என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் கூட ஊத்து," என்றார்.